நான்கு அங்குலம் தாழ்ந்த நாற்பத்தொரு பெட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை

மதிப்புக்குரிய மேஸ்திரி அண்ணனுக்கு,

விளையாட்டுப் பெட்டித் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள் வணக்கத்தோடு எழுதுவது. முப்பத்துநாலு வருஷத்துக்குப் பிறகு பெயரைச் சொன்னால் ஞாபகம் வராமல் போகலாம். ‘அரைப்படி’ என்றால் வரும். அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். அப்போது நான் நாலடி ஒன்பது அங்குலம். இப்போது டாக்டர் அதிலும் அரை அங்குலம் பிடித்தம் செய்துவிட்டார்.

உங்கள் முகவரியைக் கொடுத்தவர் பழைய வர்ணப் பிரிவுக்காரர். நீங்கள் மகன் வீட்டோடு இருப்பதாகவும், அண்ணி இன்னமும் தையல் மெஷினை விடவில்லை என்றும் சொன்னார். இரண்டும் கேட்க நிம்மதியாக இருந்தது. நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. ஆனால் வீட்டுக்குள் யாராவது எழுந்து நடந்தால் “எங்கே போறே?” என்று கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஆறடிக்கு மேல் உயரம். இன்னொருவர் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். இருவர் கையிலும் டார்ச் லைட், பூதக்கண்ணாடி, அளவு டேப். என் வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, “எந்தக் கட்சி?” என்று கேட்டார். “கட்சி இல்லைங்க, கழகம்” என்றார் மருந்துக்கடைக்காரர். “அதைத்தானே கேட்டேன்” என்று இவர் கதவைச் சாத்தப் போனார். நான் ஓடிவந்து தடுத்தேன்.

பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பாதுகாக்கும் கழகமாம். அறுபத்தொரு உறுப்பினர்கள். காசு போட்டு நின்றுகொண்டு விளையாடுகிற பெட்டிகள் எந்தக் காலத்தில், எங்கே, எத்தனை செய்யப்பட்டன, அவற்றில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதற்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். எந்தப் பெட்டிக்கு எந்த ஆணி, எந்த மாதத்திலிருந்து ஆணியின் தலை தட்டையானது என்பது வரை அதில் இருக்கிறது. மனிதர்களுக்கு இவ்வளவு அக்கறையாக எந்த அரசாங்கமும் கணக்கெடுத்ததில்லை.

நம் தொழிற்சாலையில் செய்த ‘பறக்கும் தபால்காரன்’ பற்றித்தான் கேட்க வந்தார்கள். அந்தத் தபால்காரன் மேகத்துக்கும் நாய்க்கும் தப்பித்துக் கடிதம் போடுவானே, நாய் ஏன் மேகத்துக்கு மேலே நிற்கிறது என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்களே, அதே விளையாட்டு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உள்ளே இருக்கும் மின்பலகைகள் வெளிநாட்டிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். பிக்சர் டியூப் இன்னொரு இடத்திலிருந்து வரும். ஒட்டுப்பலகையில் பெட்டி அடிப்பதும், பக்கங்களில் படம் அச்சடிப்பதும், கைப்பலகையில் குச்சியையும் பொத்தானையும் பொருத்துவதும்தான் நம் வேலை. அறுநூறு செய்வதாகத் திட்டம். இருநூற்றுப் பன்னிரண்டோடு நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று வேதியியல்காரர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்றேன். அவர் இன்னும் பெரிய காரணம் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, மூடிவிட்டார்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் இன்று ஒன்பதுதான் இருக்கின்றனவாம். மற்றவை எங்கே போயின என்பதற்கும் பட்டியல் உண்டு. விளையாட்டு அலுத்ததும், பெட்டிகளை வாங்கி வைத்திருந்த விளையாட்டுக் கூடத்துக்காரர்கள் உள்ளே இருப்பதைப் பிடுங்கிவிட்டு வேறு விளையாட்டைப் போட்டு, தபால்காரன் மேல் கறுப்பு வர்ணம் அடித்தார்கள். அதுவும் அலுத்ததும் பெட்டி துணி அலமாரியாயிற்று. ஒன்று முடிதிருத்தும் கடையில் கண்ணாடி வைக்கும் மேசையாக இருபது வருஷம் இருந்தது. ஒன்றில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது மீட்டிருக்கிறார்கள். கோழி எதிர்ப்புத் தெரிவித்ததா என்பது பதிவேட்டில் இல்லை.

கிடைத்த ஒன்பதில் மூன்று பெட்டிகள் வேறு மாதிரி. கைப்பலகை தரையிலிருந்து நாற்பது அங்குலத்தில் இருக்க வேண்டியது, முப்பத்தாறில் இருக்கிறது. இதற்குத் ‘தாழ்பலகை வகை’ என்று பெயர் சூட்டி, பதினோரு வருஷமாக விவாதிக்கிறார்கள். சிறுவர்களுக்காகச் செய்தது என்று ஓர் அணி. பலகைத் தட்டுப்பாடு என்று ஓர் அணி. குள்ளமானவர்கள் வாழும் ஏதோ ஒரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் திட்டம் என்று ஒருவர் எட்டுப் பக்கக் கட்டுரையும் வரைபடமும் போட்டிருக்கிறார். எந்த நாடு என்று மட்டும் சொல்லவில்லை. இந்த விவாதத்தில் இருவருக்கு இடையே பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டதாம்.

போன வருஷம் தொழிற்சாலையின் பழைய காகிதக் கட்டு ஒன்று கழகத்தின் கைக்கு வந்திருக்கிறது. அதில் அந்த விசாரணை அறிக்கை இருக்கிறது. ஐம்பத்தெட்டாம் எண்ணிலிருந்து தொண்ணூற்றெட்டாம் எண் வரை நாற்பத்தொரு பெட்டிகளில் கைப்பலகை தாழ்ந்தது தச்சு மேஸ்திரியின் அளவுப் பிழை என்றும், பரிசோதனைப் பிரிவுக்கு இதில் சம்பந்தமில்லை என்றும் எழுதி, கீழே ஒரு கையெழுத்து. என்னுடையது.

அடுத்த மாதம் பதிவேட்டைப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். அந்த அறிக்கை சரிதான் என்று நான் இன்னொரு முறை கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். “அன்னிக்குப் போட்டதுதானே மேடம், இன்னிக்கும் அதையே போடப் போறீங்க” என்றார் மருந்துக்கடைக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. உங்களைக் கேட்காமல் போட வேண்டாம் என்று தோன்றியது. அப்போதும் கேட்டிருக்கலாம்.

அந்த நாற்பத்தொரு பெட்டிகள் எப்படித் தாழ்ந்தன என்று இரண்டு வரி எழுதுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அரைப்படி

&nbsp;

செவ்வாய்க்கிழமை

மேஸ்திரி அண்ணனுக்கு மீண்டும் வணக்கம்.

உங்கள் அஞ்சலட்டை வந்தது. இரண்டு வரி கேட்டேன், ஒன்றரை வரி எழுதியிருக்கிறீர்கள். ‘டேப்பின் நுனி நாலு அங்குலம் முறிந்திருந்தது. விசாரணையில் சொன்னதுதான்.’ சிக்கனம் உங்கள் கூடப் பிறந்தது, ஒரு முழு ஒட்டுப்பலகையில் மற்றவர்கள் இரண்டு பெட்டி அறுத்தால் நீங்கள் இரண்டு பெட்டியும் ஒரு மணையும் அறுப்பீர்கள்.

உங்கள் அட்டை கிடைத்த மறுநாள் கழகத்தின் கூடத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த இடம், இன்னும் ரப்பர் வாடை போகவில்லை. என் வீட்டுக்காரரும் வந்தார். முப்பத்தொன்றாம் எண் பெட்டியும் எழுபத்துமூன்றாம் எண் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எழுபத்துமூன்று மருந்துக்கடைக்காரருடையது. பின்பக்கக் கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு மோந்து பார்க்கச் சொன்னார். நானும் மோந்தேன். பசை, தூசி, கொஞ்சம் எலி. அவர் முகத்தில் கோயிலுக்குப் போய்வந்த களை.

இரண்டிலும் விளையாடிப் பார்க்கச் சொன்னார்கள். முதலில் முப்பத்தொன்று. குச்சியைப் பிடித்ததும் தோள் இரண்டும் தானாக மேலே ஏறின. பத்து நிமிஷத்தில் கழுத்துக்குக் கீழே அந்தப் பழைய வலி வந்து உட்கார்ந்தது. முப்பத்துநாலு வருஷமாக வராத வலி, வீட்டு வாசல் தெரிந்த விருந்தாளி மாதிரி நேராக வந்தது. பிறகு எழுபத்துமூன்று. முழங்கைகள் மடங்கின இடத்தில் கைப்பலகை இருந்தது. எனக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. நான் விளையாட்டை நிறுத்திவிட்டேன். தபால்காரனை நாய் கடித்துவிட்டது.

அண்ணா, உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் வெளியே அனுப்புவதற்கு முன் நான் நாற்பது நிமிஷம் நின்று ஆடிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு பெட்டிக்கு எட்டுத் தடவை. நிற்க ஒரு சின்னப் பலகை கேட்டேன். மேலே கண்ணாடி அறையில் இருந்த மேனேஜர், “பலகை குடுத்தா நாளைக்கு நாற்காலி கேப்பீங்க” என்றார். நீங்களே கழிவுத் துண்டில் ஒன்று அடித்துக் கொடுத்தீர்கள். மரப் பிரிவுக்கு வெளியே மரம் இருந்தால் அது திருட்டு என்று காவல்காரர் எடுத்துப் போனார். மூன்று முறை கொடுத்தீர்கள், மூன்று முறையும் போயிற்று. ஊருக்கெல்லாம் மரப்பெட்டி செய்து அனுப்புகிற இடத்தில், நிற்பதற்கு ஒரு சாண் மரம் கிடைக்கவில்லை.

கடைசியில் தோளைத் தூக்க முடியாமல் பத்து நாள் விடுப்பில் போனேன். டாக்டர் ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் வலி போய்விட்டது. தைலத்தின் மகிமை என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? அக்கம்பக்கத்தில், கல்யாண வீட்டில், பஸ் நிறுத்தத்தில், தோளைப் பிடித்துக்கொண்டு யார் நின்றாலும் அந்தத் தைலத்தைச் சொன்னேன். குறைந்தது இருநூறு பேர் வாங்கியிருப்பார்கள். ஒருவருக்கும் குணமானதாக நினைவில்லை. அவர்கள் சரியாகத் தேய்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்திலிருந்து வந்ததும் நான் பரிசோதித்த பெட்டிகளின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். விடுப்பு முடிந்து நான் ஆடிய முதல் பெட்டியின் எண் ஐம்பத்தெட்டு.

உங்கள் டேப்புக்கு வருகிறேன். நுனியில் நாலு அங்குலம் முறிந்த டேப்பால் அளந்தால் எல்லாமே நாலு அங்குலம் குறைய வேண்டும். பெட்டியின் உயரம் குறைய வேண்டும், அகலம் குறைய வேண்டும். எழுபத்துமூன்றை நானே அளந்தேன். உயரம் சரி, அகலம் சரி. கைப்பலகை மட்டும் தாழ்ந்திருக்கிறது. அதோடு சேர்ந்து காசுப் பெட்டியின் கதவும் நாலு அங்குலம் கீழே இறங்கியிருக்கிறது. கண்ணாடியின் சாய்வும் கைப்பலகையோடு வந்து பொருந்துகிற மாதிரி மாறியிருக்கிறது. முறிந்த டேப் இவ்வளவு யோசிக்காது அண்ணா.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் பஸ் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, “ஆளைத் தூக்கிவிட விடலேன்னு மெஷினை இறக்கிட்டாரா மனுஷன்! நான் உனக்கு ஒரு முக்காலிகூட வாங்கித் தந்ததில்லேன்னு குத்திக் காட்டறியா?” என்றார். இல்லை என்றேன். “காட்டலாம், தப்பில்லே” என்றார்.

அறுபத்துநாலு பிள்ளைகள் வந்து ஆடுகிற கூடத்துக்காரர் ஒருவர், உயரமான பையன்கள் கும்பிட்டுக்கொண்டே ஆட வேண்டியிருக்கிறது என்று புகார் எழுதிய பிறகுதான் மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கினார். அந்த விசாரணையில் நீங்கள் டேப்பைக் காட்டினீர்கள். என்னிடம் காகிதத்தை நீட்டினார்கள். படித்தேன், போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். மறுநாள் உங்களை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்து, கட்டு கட்டும் பிரிவில் ஆணி அடிக்கப் போட்டார்கள். என்னை உட்கார்ந்து எண் பதியும் வேலைக்கு மாற்றினார்கள், அதன் பிறகு நான் பெட்டி ஆடவில்லை. ஒரு வருஷத்தில் ஊரை விட்டே போய்விட்டீர்கள். வழியனுப்பவும் வரவில்லை நான்.

புத்தகத்தில் ‘தச்சு மேஸ்திரியின் அளவுப் பிழை’ என்று அச்சாகப் போகிறது. தொண்ணூற்றெட்டுப் பெட்டியில் ஒரு மூலை பிசகாமல் இணைத்தவரைப் பற்றி உலகத்தில் மிஞ்சப் போகிற ஒரே வரி அது. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டிருந்தேன், பிறகு அதற்கடுத்த வெள்ளி என்று நீட்டியிருக்கிறேன். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அரைப்படி

&nbsp;

வெள்ளிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. ஒரு முழுப் பக்கம். அங்கே பெய்கிற பனி, மருமகள் வளர்க்கும் நாய், மகனுக்குப் புது வேலை என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில், ‘பிழை என்றே இருக்கட்டும்மா. இத்தனை வருஷம் கழித்து உனக்கு எதற்கு வம்பு’ என்று முடித்திருந்தீர்கள்.

மடித்து வைக்கப் போனவள், ஓரத்தில் பென்சிலால் குறுக்கே எழுதியிருந்ததைப் பார்த்தேன். நீங்கள் தபாலில் போடுவதற்கு முன் உங்களுக்குத் தெரியாமல் அண்ணி எழுதியிருக்க வேண்டும். அண்ணி, உங்கள் மேல் இதற்காக அவர் கோபப்பட்டால், காட்டிக்கொடுத்த பாவம் என்னுடையது. நீங்கள் எழுதியதை அப்படியே இங்கே தருகிறேன், அவரும் படிக்கட்டும்: ‘இவர் புளுகுறார். அளவு குடுத்ததே நான்தான். உனக்கு ரவிக்கையும் நைட்டியும் தைச்ச நோட்டுல தோள்லேர்ந்து தரை வரைக்கும் இருந்துச்சு, தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் இருந்துச்சு. கழிச்சு முப்பத்தாறுன்னு சொன்னேன். அந்தப் புள்ளைக்காகன்னு தெரிஞ்சா அவ வேலையும் போயிடும், ஊரும் ஒரு மாதிரி பேசும், டேப்பு ஒடைஞ்சுதுன்னு சொல்லிடுங்கன்னு சொன்னதும் நான்தான். டேப்பை ஒடைச்சதும் நான்தான்.’

அண்ணி, அந்த டேப்பை உடைத்தது நீங்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என் வீட்டுக்காரர் “எங்கே போறே?” என்று கேட்கவில்லை.

இன்று காலை கழகத்துக்குப் போனேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தது என் அறியாமை. நான் சொல்லி முடித்ததும் கூடம் இழவு வீடாயிற்று. விஷயம் என்னவென்றால், அபூர்வத்தில் அவர்களுக்குத் தரவரிசை இருக்கிறது. தெரியாமல் நடந்த பிழையால் உண்டானது முதல் தரம். தெரிந்து மாற்றியது இரண்டாம் தரம். உங்கள் டேப் முறிந்திருந்தால் மருந்துக்கடைக்காரரின் எழுபத்துமூன்று புத்தகத்தின் அட்டையில் வரும். நீங்கள் யோசித்துச் செய்திருந்தால் உள்ளே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கறுப்பு வெள்ளை.

“மேடம், கொஞ்சம் கவனக்குறைவாவது இருந்திருக்கும்ல?” என்று மருந்துக்கடைக்காரர் என்னிடம் கெஞ்சினார். ஆறடி மனிதர் குனிந்து கெஞ்சும்போது பாவமாகத்தான் இருந்தது. துளிக்கூட இல்லை என்றேன். வேதியியல்காரர் சமரசத்துக்கு வந்தார். மேஸ்திரி தெரிந்து செய்தார், ஆனால் மேனேஜர் தெரியாமல் அனுப்பினார், ஆக நிர்வாகத்தின் பார்வையில் இதுவும் பிழைதானே, ஒன்றரைத் தரம் என்று ஒன்றை ஏற்படுத்தலாமே என்றார். இதுபற்றி அரை மணி நேரம் விவாதம். ஏற்றுமதிக் கட்டுரை எழுதியவரும் வந்திருந்தார். குள்ளமானவர்களுக்காகச் செய்தது என்று தான் முதலிலேயே சொன்னதாகவும், நாட்டின் மக்கள்தொகை ஒன்று என்பது மட்டும்தான் தனக்குத் தெரியாமல் போனது என்றும் சொன்னார். இன்று எல்லோரும் சிரித்தது அப்போதுதான்.

என் வீட்டுக்காரர் அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார். “ஏங்க, தப்புப் பண்ணினவருக்கு அட்டைப்படம், நல்லது பண்ணினவருக்கு நூத்திப் பன்னெண்டாம் பக்கமா? நல்லா இருக்குங்க உங்க கழகம்” என்றார். கட்சிக்காரர்களிடம் பேசிப் பழகிய குரல். காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்கள்.

‘காரணம்’ என்ற இடத்தில் என் கையால் எழுதினேன்: ‘பிழை அன்று. பெட்டிகளைப் பரிசோதித்தவருக்குத் தோள் வலி. அவர் நிற்பதற்குப் பலகை தர நிர்வாகம் மறுத்தது. ஆகையால் தச்சு மேஸ்திரி பெட்டியின் கைப்பலகையை அவருடைய முழங்கை உயரத்துக்குத் தாழ்த்தினார். அளவு தந்தவர் மேஸ்திரியின் மனைவி. பழைய அறிக்கை பொய். அதில் கையெழுத்திட்டவள் நான்.’

அண்ணா, நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் எழுதிவிட்டேன். என்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று பயந்துதான் அன்றைக்கு நீங்கள் தலை குனிந்தீர்கள். இப்போது பேசுவதற்கு ஊரில் யாருக்கும் நேரமில்லை. பேசினாலும் எனக்குப் பெருமைதான். நாற்பத்தொரு பெட்டிகளுக்கு அளவாக நின்றவள் என்று வேறு யாரைச் சொல்ல முடியும்?

மருந்துக்கடைக்காரர் வாசல் வரை வந்தார். முகம் இன்னும் தெளியவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்: மற்ற முப்பத்தெட்டும் எங்கே போயின என்று மேஸ்திரிக்குத் தெரிந்திருக்குமா? பத்தொன்பது திரும்பி வந்ததும், அவற்றில் மேனேஜர் கட்டை வைத்துக் கைப்பலகையைத் தூக்கச் சொன்னதும் எனக்கே தெரியும். அப்படித் தூக்கிய பெட்டி எங்காவது கிடைத்தால் கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்தப் பத்தொன்பதுக்கும் கட்டை வைத்து ஆணி அடிக்க உங்களையே விட்டார்களாமே. நான் இன்றுதான் அறிக்கையின் பின்பக்கத்தில் படித்தேன். அது எப்படி இருந்தது உங்களுக்கு என்று நான் கேட்கப் போவதில்லை.

புத்தகத்தில் பழைய அறிக்கையையும் நான் இன்று எழுதியதையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன், என் இரண்டு கையெழுத்தோடும். முதலில் மறுத்தார்கள். முதலாவதை மட்டும் எடுத்துவிட்டால் எனக்கு நல்லது என்றார்கள். எனக்கு நல்லது ஒருமுறை பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

பிரதி உங்களுக்கு வந்து சேரும். அண்ணி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தையும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பாதியில் எழுந்து போகப் பார்ப்பார், விடாதீர்கள். இடது பக்கத்துக் கையெழுத்துக்காக அவர் என்னைத் திட்டினால், திட்டியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி அனுப்புங்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மட்டும் எழுதாதீர்கள். அதை நான் முப்பத்துநாலு வருஷம் வாங்கிக்கொண்டேன். இனிமேல் எனக்குத் தாங்காது.

நீங்கள் இருவரும் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உங்கள்,
அரைப்படி